பெரணி இலையில் பழுப்புப் புள்ளி: பூச்சியா, வித்தா?

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிய பெரணிச் செடி மாடிப்படிக்கு அடியில் நன்றாக வளர்ந்திருக்கிறது. தொட்டியைச் சுற்றிப் பச்சை நூல் மாதிரி ஏதோ தொங்குகிறது. இப்போது இலைகளின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். பூச்சி என்று நினைத்து நான்கைந்து இலைகளைச் சுரண்டிவிட்டேன். மருந்து அடிக்க வேண்டுமா? இதிலிருந்து இன்னும் சில தொட்டிகள் உண்டாக்க முடியுமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: சுரண்டுவதை நிறுத்திவிடுங்கள், மருந்தும் வேண்டாம். அது பூச்சி இல்லை, உங்கள் செடியின் வித்துப் பைகள். பெரணி பூப்பதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. அந்தப் புள்ளிக்குள் இருக்கும் தூளை வைத்துத்தான் இனம் பெருக்குகிறது. செதில் பூச்சியாக இருந்தால் தாறுமாறாக ஒட்டியிருக்கும், தண்டிலும் இருக்கும், இலை பிசுபிசுக்கும். கோலப்புள்ளி வைத்தது போல் இலையின் அடியில் மட்டும் வரிசையாக இருந்தால் பயமே வேண்டாம்.

செடி பெருக்க அவசரம் என்றால் வித்தைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பச்சை நூல்தான் சுலபமான வழி. அது ஓடுதண்டு. ஒரு சின்னத் தொட்டியைப் பக்கத்தில் வைத்து, நூலை மண்மேல் படுக்கவைத்து, வளைத்த கம்பியால் அழுத்திவிடுங்கள். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் அங்கே வேர் இறங்கிக் குட்டி இலை சுருண்டு எழும். மூன்று நான்கு இலை விரிந்த பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். தொட்டி முழுக்க வேர் அடைத்திருந்தால் ஆடி, ஆவணியில் தூரோடு எடுத்துக் கத்தியால் இரண்டாக, மூன்றாகப் பிரித்தும் நடலாம். ஒவ்வொரு துண்டிலும் வேரும் குருத்தும் இருக்க வேண்டும். குருத்தை மண்ணால் மூடினால் அழுகிவிடும். சித்திரை வெயிலில் மட்டும் பிரிக்காதீர்கள்.

மண் கலவைக்கு நான் போடுவது: மக்கிய இலை இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

பொறுமை இருந்தால் வித்திலிருந்தும் வளர்த்துப் பாருங்கள். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கிணற்றின் உள்சுவரில், காரை பெயர்ந்த செங்கல் இடுக்குகளில், பெரணி தானாக முளைத்து நிற்கும். யாரும் நட்டதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கும் செங்கல்லில் வளர்க்கலாம் என்று தோன்றியது. புள்ளிகள் நன்றாகப் பழுத்த ஓர் இலையைக் கிள்ளி, வெள்ளைத் தாளில் மடித்து, காற்றுப் படாத இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். மெல்லிய பழுப்புத் தூள் கொட்டியிருக்கும். ஒரு செங்கல்லின்மேல் கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டு, தட்டில் கொஞ்சம் மழைத்தண்ணீர் விட்டு அதில் நிறுத்துங்கள். தூளை மேலே லேசாகத் தட்டிவிட்டு, ஒரு கண்ணாடி டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. முதல் தடவை நான் ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டேன். உள்ளே சூடேறி எல்லாம் வெந்துபோனது.

சில வாரங்களில் கல்லின்மேல் பாசி மாதிரி பச்சை படரும். பாசிதானே என்று கழுவிவிடாதீர்கள்! இன்னும் சில வாரம் கழித்து உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டி வெற்றிலை வடிவத்தில் தகடுகள் தெரியும். நகத்தளவு கூட இருக்காது. அது இன்னும் பெரணி ஆகவில்லை. ஆணணுவும் பெண்ணணுவும் அந்தத் தகட்டில்தான் உண்டாகின்றன. ஆணணு நீந்திப் போய்ச் சேருவதற்கு மேலே ஈரப்படலம் வேண்டும். அதனால் அந்தச் சமயத்தில் மழைத்தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள். அதன்பிறகுதான் நாம் பெரணி என்று சொல்லும் செடியின் முதல் இலை எழும். தொட்டிக்கு மாற்றும் அளவு வளர ஒரு வருடம்கூட ஆகும்.

ஒன்று சொல்ல வேண்டும். கடையில் தொங்குதொட்டியில் விற்கும் பாஸ்டன் ஃபெர்ன் வித்தை இதற்கு நம்பாதீர்கள், பெரும்பாலும் முளைக்காது. 1894-ல் பாஸ்டன் நகருக்குப் போன பெரணிகளுக்கு நடுவே வித்தியாசமாகக் கண்ணில் பட்ட செடி அது. அன்றிலிருந்து பிரித்தும் ஓடுதண்டு வைத்தும்தான் பெருக்குகிறார்கள். கிணற்றுச் சுவர்ப் பெரணியோ, கருப்புக் காம்புள்ள அடியாண்டமோ கிடைத்தால் ஓர் இலை போதும். காப்புக்காட்டிலிருந்து மட்டும் எதையும் எடுத்து வராதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் ஒவ்வொரு ஏப்ரலிலும் என் பெரணி காய்ந்துபோகிறது. இரண்டு செடிகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். என்ன தவறு?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எறிந்ததுதான் தவறு. மேலே கருகினாலும் அடியில் கிழங்கு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். காய்ந்த இலைகளை ஒட்ட வெட்டிவிட்டு, மண் ஈரத்தை மட்டும் காப்பாற்றுங்கள். கோடை மழை ஒன்று இறங்கட்டும், குருத்து வரும்.

பெரணிக்கு வேரில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது, காற்றிலும் ஈரம் வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அதுதான் இல்லை. துவைக்கும் கல் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழல், இப்படி உங்கள் வீட்டில் எந்த இடம் எப்போதும் குளுகுளுவென்று இருக்கிறதோ அங்கே வையுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்து நனைத்த சாக்கைச் சுற்றிவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அது போர்வெல் தண்ணீரின் உப்பு. இலை நுனி கருகுவதற்கு அதுவும் காரணமாகலாம். மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் ஒகேனக்கல் குடிநீரை ஒரு ராத்திரி திறந்து வைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: மாட்டுக்கு வளர்க்கும் அசோலாவும் பெரணிதான் என்கிறான் என் பேரன். உண்மையா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: உண்மைதான், பேரன் சரியாகச் சொல்லியிருக்கிறான். குளத்தங்கரை ஆரைக்கீரையும், கொல்லிமலையில் சூப் வைத்து விற்கும் ஆட்டுக்கால் கிழங்கும்கூடப் பெரணி இனமே. அசோலா இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் மாடு தின்றது போக மிஞ்சும் அசோலாவைக் குப்பைக்குழியில் போட்டு மக்கவிட்டு, தொட்டிப் பெரணிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள்.