தரோபிரெட் பெட்டைக்கு அரபுப் பொலிகுதிரையைச் சேர்த்தால் குட்டியின் வேகம் கூடுமா?

கூடாது, குறையும். தரோபிரெட் என்பது பந்தயத்துக்கென்றே இங்கிலாந்தில் உருவாக்கிய குதிரை இனம். "தரோபிரெட்டில் 95 சதவீதம் ஒரே அரபுக் குதிரையின் வாரிசுதானே, அதே ரத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன?" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கையில் ஒரு தரோபிரெட் பெட்டை இருக்கிறது, பக்கத்தில் அரபுப் பொலிகுதிரையும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த 95 பொய்யில்லை. ஆனால் அது ஆண்வழிக்கு மட்டுமான கணக்கு. அந்த ஒரே குதிரை, சிரியாவின் அலெப்போவில் வாங்கப்பட்டு 1704-இல் இங்கிலாந்து வந்த டார்லி அரேபியன், அதன் மகன் பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ், பிறகு ஸ்குவர்ட், மார்ஸ்க், 1764-இல் பிறந்த எக்லிப்ஸ். ஓடிய 18 பந்தயத்திலும் தோற்காத எக்லிப்ஸின் ஆண்வழிதான் இன்று உலகமெங்கும் ஓடுகிறது. ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகும். மற்றதெல்லாம் தலைமுறைக்குப் பாதி. இந்த ஒரு வழியில் பார்த்தால் எக்லிப்ஸிடமே டார்லியின் பங்கு பதினாறில் ஒன்றுதான்.

2001-இல் டப்ளினில் வம்சாவளியை வைத்துப் போட்ட கணக்கில், இன்றைய தரோபிரெட்டின் மொத்த மரபணுவில் டார்லி அரேபியனுக்கு 6.5 சதவீதம். இந்த இனத்தின் மற்ற இரண்டு மூல ஆண்குதிரைகளில் காடல்ஃபின் அரேபியனுக்கு 13.8, பையர்லி டர்க்குக்கு 3.3. ஆண்வழியில் ஏறத்தாழ மறைந்துபோன காடல்ஃபின்தான் உள்ளுக்குள் டார்லியைப் போல இரண்டு மடங்கு. 95-ஐ உரக்கச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து வந்த குதிரைக்கு அரபு, டர்க் (துருக்கி), பார்ப் (வட ஆப்பிரிக்கா) என்று பெயர் வைத்ததை இன்றைய இனப் பதிவுபோல நம்ப முடியாது. எக்லிப்ஸ் வழியின் ஒய் குரோமோசோம் மத்திய ஆசியாவின் துர்க்மென் குதிரைகளின் பக்கம்தான் சாய்கிறது. 2020-இல் வந்த மரபணு ஆய்விலும் இன்றைய அரபு இனத்தின் குறிப்பிடத்தக்க பங்கு தரோபிரெட்டில் தென்படவில்லை. அரபுப் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் குதிரையின் தாக்குப்பிடிக்கும் திறனையோ அழகையோ நான் குறை சொல்லவில்லை.

குறுந்தூர வேகத்துக்கு வருவோம். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் சி, டி என்று இரண்டு வகை; ஒவ்வொரு குதிரைக்கும் அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. இரண்டும் சி என்றால் 1000, 1200 மீட்டர் ஓட்டம். சி-டி நடுத்தூரம். இரண்டும் டி என்றால் 2000-க்கு மேல். அரபுகளில் பெரும்பாலும் டி. தரோபிரெட்டுக்குள் சி வந்தது சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், பிரிட்டனின் உள்நாட்டுப் பெட்டை ஒன்றின் வழியாக இருக்கலாம் என்பது 2012 ஆய்வின் முடிவு. இருபதாம் நூற்றாண்டில் அதைப் பரப்பியது நியார்க்டிக் என்ற பொலிகுதிரை, அதன் மகன் நார்தர்ன் டான்சர் ஆகியவற்றின் வழி. ஆக, உங்கள் பெட்டை சி-சி என்றால், டி-டி அரபைச் சேர்த்ததும் குட்டிகள் எல்லாமே சி-டி. இது ஒரு மரபணு மட்டும்தான். உயரமும் குறையும்: அரபு சுமார் 145 முதல் 155 செ.மீ., தரோபிரெட் பொதுவாக 160-க்கு மேல். துபாயின் மெய்தான் பந்தயத் திடலில் ஒரே நாளில், ஒரே 2000 மீட்டர் மண் தடத்தில் இரண்டு இனத்துக்கும் தனித்தனிப் பந்தயம் நடக்கிறது. அரபுகளுக்குப் பத்து நொடி அளவுக்குக் கூடுதலாக ஆகிறது.

ஓட்டத்தைவிடப் பெரிய தடை பதிவு. தரோபிரெட் ஸ்டட் புக்கில், அதாவது இனப் பதிவேட்டில், ஏற அப்பன், தாய் இரண்டும் அதில் இருக்க வேண்டும். டிஎன்ஏ சோதனை உண்டு, செயற்கைக் கருவூட்டல் கூடாது. வெளியிலிருந்து வந்த வழி உள்ளே வர, தொடர்ந்து எட்டுத் தலைமுறை தரோபிரெட்டையே சேர்த்து, ஓட்டத்திலும் தகுதி காட்ட வேண்டும். தலைமுறைக்கு நான்கு ஆண்டு என்றாலும் முப்பது ஆண்டைத் தாண்டும். அதற்குள் அரபு ரத்தம் 256-இல் ஒன்று. எதற்கு இந்த வேலை?

சவாரிக்கோ, 80, 160 கி.மீ. நெடுந்தூரப் போட்டிக்கோ என்றால் கலப்பு நல்ல யோசனை. 21 நாள் சுழற்சியில் ஐந்து முதல் ஏழு நாள் சூடு இருக்கும். தினம் சேர்க்காதீர்கள். ஸ்கேனில் சினைப்பை நுண்ணறை (கருமுட்டை வளரும் பை) 35 மி.மீ. தாண்டியதும் சேர்த்து, கருமுட்டை வெளியாகும்வரை 48 மணிக்கு ஒருமுறை போதும். 14 முதல் 16-ஆம் நாளுக்குள் கட்டாயம் ஸ்கேன். தரோபிரெட் பெட்டைக்கு இரட்டைக் கரு சாதாரணம். மருத்துவர் ஒன்றை அப்போதே நசுக்காவிட்டால் இரண்டுமே போய்விடும் ஆபத்து உண்டு. அரபுப் பொலிகுதிரையின் பிடரி மயிரை வேரோடு 20, 30 இழை பிடுங்கி, எஸ்சிஐடி என்ற எதிர்ப்புச்சக்திக் குறைபாட்டுக்குச் சோதியுங்கள். முதல் கலப்புக் குட்டிக்கு நோய் வராது. ஆனால் அது அந்த மரபணுவைச் சுமந்தால், அதை மறுபடி அதே மரபணுவுள்ள அரபோடு சேர்க்கும்போது நான்கில் ஒரு குட்டிக்கு வர வாய்ப்பு. அந்தக் குட்டி சில மாதங்களில் செத்துவிடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தியூர் ஆடிச் சந்தையில் "அரபு" என்று யாராவது காட்டினால் முதலில் காதைப் பாருங்கள். நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து தொட்டுக்கொண்டால் அது மார்வாரி அல்லது கத்தியவாரி. நல்ல குதிரைகள்தான், விலைதான் வேறு. வாங்குகிறவர்களும் சுழியை எண்ண அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். கால் தசைநாரைத் தடவி வீக்கம் பார்ப்பதில்லை, பல்லைத் திறந்து வயது பார்ப்பதில்லை. கெட்ட சுழி என்று தள்ளிய குதிரை பாதி விலைக்குப் போகிறது. அதை வாங்கிப்போன தரகர் அடுத்த ஊரில் முழு விலைக்கு விற்கிறார்.