பரிசு அட்டை 16 டாலரிலிருந்து 10 டாலரானது ஏன்?

கலிபோர்னியாவில் மெத் (மெத்தாம்பெட்டமைன்) என்னும் போதைப்பொருள் பழக்கத்தை விட்டுவரும் உங்கள் தம்பி ஒரு வியாழக்கிழமை சோதனைக்குப் போகவில்லை என்றும், 16 டாலராக வந்த அவரது பரிசு அட்டை திடீரென 10 டாலரானது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். அது கணக்குப் பிழையன்று. போதைப்பொருள் தென்படாத சோதனைகளுக்குப் பரிசு அட்டை தரும் மெடி-கால் (குறைந்த வருவாயினருக்கான மாநில மருத்துவக் காப்பீடு) திட்டத்தின் விதியே அதுதான்.

வாரம் இருமுறை நடக்கும் சிறுநீர்ச் சோதனையில் மெத், கொக்கைன் போன்றவை தென்படாதவரை வாரந்தோறும் 1.50 டாலர் ஏறும் தொகை, ஒருமுறை தென்பட்டாலும், சொல்லாமல் வராமல் போனாலும், தொடக்கத் தொகைக்கே இறங்கிவிடும். நீங்கள் குறிப்பிட்ட, அவர் போகாமல் விட்ட அந்த வியாழக்கிழமைதான் பெரும்பாலும் காரணமாயிருக்கும். அது தக்க காரணமுள்ள விடுப்பாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். பதிவாகாவிட்டாலும், அடுத்தடுத்த இரு சோதனைகளில் எதுவும் தென்படாவிட்டால் பழைய தொகை திரும்பக் கிடைக்கும் என்பதால், இப்போது வெறுத்துப்போய் விலகுவதுதான் நட்டம்.

சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை சில சமயம் சோதனையில் ஆம்பெட்டமைன் (மெத் வகையைச் சேர்ந்த போதைப்பொருள்) எனத் தவறாகக் காட்டக்கூடும்; சாப்பிட்டிருந்தால் சோதனைக்கு முன்பே அவர் சொல்லிவிடட்டும்.