முடிவு வராத கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் கதை எழுதுவேன். கொப்பி நிறையப் பாதிக் கதைகள் கிடக்கின்றன. ஒன்றுக்கும் முடிவு வருவதில்லை. இத்துடன் அனுப்பியிருக்கும் கதையில், அறுவைச் சிகிச்சைக்குப் போகும் மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்கொடியைக் கணவர் அவளுக்குச் சொல்லாமல் செட்டியார் தெருவில் அடகு வைக்கிறார். மகனைக் கட்டாருக்கு அனுப்பும் முகவருக்குக் கட்டுவதற்கே அந்தக் காசு. மகன் வெளிநாடு போவதில் மனைவிக்கு விருப்பமில்லை. கணவர் காசை வாங்கிக்கொண்டு கடைப்படி இறங்குகிறார். அதற்குமேல் கதை அசையவில்லை. மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். மூன்றும் பொய்யாக இருக்கின்றன. என்ன செய்வது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, உங்கள் கதையை ஆறுதலாக இருந்து வாசித்தேன். அடகுக் கடைக்காரர் கொடியைத் தராசில் வைக்குமுன், அதில் கொழுவியிருந்த இரண்டு சட்டை ஊசிகளைக் கழற்றி, “இவை நிறையில் சேராது” என்று கணவரின் உள்ளங்கையில் வைக்கிறார். ஒரு பெண் வருடக்கணக்காகக் கழுத்தில் போட்டிருந்த கொடி என்பதை வேறெந்த வர்ணனையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது. கணவர் அந்த ஊசிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகு நீங்கள் அவற்றை மறந்துவிட்டீர்கள்.

இனி அந்த மூன்று முடிவுகள். ஒன்றில் மனைவி சிகிச்சையின்போதே இறந்துவிடுகிறாள். இன்னொன்றில் கணவர் வீதியைக் கடக்கும்போது பஸ்ஸில் அடிபடுகிறார். மூன்றாவதில் கதிரேசன் கோயிலிலிருந்து ஆடிவேல் தேர் புறப்படுகிறது. கணவர் கைகூப்பி அழுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்றும் செய்வது ஒரே வேலை: மனைவியின் முகத்தை அவர் பார்க்க வேண்டிய நேரத்தை இல்லாமல் செய்துவிடுகின்றன. மரணம், விபத்து, தெய்வம் எல்லாம் அவரைக் காப்பாற்ற வருகின்றன. அவரை மட்டுமா? அந்தக் காட்சியை எழுதுவதிலிருந்து உங்களையும் காப்பாற்றுகின்றன. அதனால்தான் உங்களுக்கே அவை பொய்யாகத் தெரிகின்றன. அப்படித் தெரிந்தது நல்லது. உங்கள் காது சரியாக வேலை செய்கிறது.

இந்தப் பத்திரிகைக்கு வரும் கதைகளில் முடிவு தடுமாறும் கதைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அநேகமாக ஒவ்வொன்றிலும் எழுத்தாளர் எழுதப் பயந்த ஒரு காட்சி இருக்கிறது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். கடைசியில் களைத்து, மழையைப் பெய்யவைத்து முடித்துவிடுகிறார். உங்கள் கதையில் அந்தக் காட்சி எது என்பது வெளிச்சமாகவே தெரிகிறது. நோயாளரைப் பார்க்கும் நேரம். வார்டில் கட்டிலைச் சுற்றி உறவினர்கள். ஒருவர் சுடுநீர்ப் போத்தலில் சூப் கொண்டுவந்திருக்கிறார். மயக்கம் முழுதாகத் தெளியாத மனைவி கையை உயர்த்திக் கழுத்தைத் தடவுகிறாள். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறார். அவருடைய பையில் இரண்டு ஊசிகளும் அடகுச் சீட்டும் இருக்கின்றன.

அவள் என்ன கேட்பாள்? அதை நான் சொல்லப்போவதில்லை. அவள் உங்களுடைய ஆள். ஆனால் உங்கள் முதல் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். கொடியைக் கழற்றச் சொன்னது தாதி. கைலேஞ்சியில் சுற்றிக் கணவரிடம் கொடுத்தது மனைவி. கவனமாக வைத்திருங்கள் என்று அவள் சொல்லவில்லை. “அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்” என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டீர்கள். எதற்காக அப்படிப் பார்த்தாள்? மகனின் பயணக் காசுக்கு அவர் தவிப்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் அந்தக் கொடியைத் தவிர வேறு பவுண் இல்லை என்பதும் தெரியும். கொடுக்கும்போதே அவளுக்கு விளங்கியிருந்தால், வார்டில் நடக்கப்போவது கணவர் பயப்படும் சண்டையே அல்ல. ஒன்றும் தெரியாமல் நம்பிக் கொடுத்திருந்தால், அது வேறு கதை. இதைத் தீர்மானிக்காமல் நீங்கள் கடைப்படியில் எத்தனை நாள் நின்றாலும் வழி பிறக்காது. சிக்கல் கடைசிப் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். படிக்கட்டில் நிற்கும் மனிதரை அங்கேயே விட்டுவிட்டு, வேறு தாளில் வார்டுக் காட்சியை எழுதுங்கள். அழகாக எழுத முயல வேண்டாம். இருவரும் பேசுவது மட்டும் போதும். கதையில் சேர்ப்பதற்கல்ல, நீங்கள் தெரிந்துகொள்வதற்காக. எழுதிய பிறகு அந்தக் காட்சி கதைக்குத் தேவைப்படாமலும் போகலாம். கதை வார்டு வாசலிலேயே முடிந்துவிடலாம், அல்லது ஊசிகளைப் பையில் போடும் இடத்திலேயே முடிந்திருக்கலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் வாசலில் நிறுத்துவதற்கும், தெரியாத ஒருவர் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர் கட்டாயம் உணர்வார்.

மூன்று தடவை எழுதியதற்காக மனம் சோர வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே தமது போர்க்கால நாவலொன்றின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதியதாக, 1958இல் வெளியான நேர்காணலில் சொன்னார். 2012இல் அந்த நாவலின் புதிய பதிப்பில், கையெழுத்துப் பிரதிகளிலிருந்து எடுத்த 47 வேறு முடிவுகளையும் சேர்த்து அச்சிட்டார்கள்.

கொப்பியில் உள்ள மற்றவற்றைப் பற்றி ஒரு சொல். நீங்கள் எழுதிக் காட்டியிருக்கும் சுருக்கங்களில் சில, கதையே அல்ல. ஜம்பட்டா வீதி மழை, அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம் எல்லாம் நல்ல ஞாபகங்கள். ஆனால் அவற்றில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஆகவே எதுவும் முடிய வேண்டியதும் இல்லை. அவற்றை அப்படியே வைத்திருங்கள். வேறு கதைக்குள் ஒரு பந்தியாகப் போய்ச் சேரும்.

கேள்வி: முடிவைச் சொல்லாமல் விட்டால்தான் நவீனச் சிறுகதை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?
– மாணவர், தெகிவளை

பதில்: சரியில்லை, தம்பி. வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளக்கூடியதைத்தான் சொல்லாமல் விடலாம். எழுத்தாளருக்கே தெரியாததை மறைத்துவைக்க முடியாது. கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதி முடித்தபோது, கதை திடீரென நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவர் முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்று விளக்கினார். கேட்டவுடன் சொல்லக்கூடிய அளவுக்கு அவருக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. உங்கள் கதையை வாசித்த நண்பர் “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டால், உடனே பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தாராளமாகத் திறந்து விடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வெள்ளவத்தை விடுதியொன்றில் கனடா விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றி 2006இல் ஒரு குறுநாவல் தொடங்கினேன். மறு ஆண்டு ஜூன் 7 அதிகாலை, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதை அறிவீர்கள். அன்றுடன் எழுத்து நின்றுவிட்டது. அந்தக் காலையோடு முடிப்பதே பொருத்தம் என்று படுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் செய்தி அறிக்கை போலவே வருகிறது.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மாஸ்டர், உங்கள் கடிதம் என் மனத்தை மிகவும் தொட்டது. அந்தக் காலையை எழுதத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் குறுநாவலின் முடிவாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். விடுதி, வெள்ளவத்தை, 2007 என்று முதல் பக்கத்தில் கண்டவுடனேயே நம் வாசகர் பஸ் வரப்போவதைத் தெரிந்துகொள்வார். கடைசி வரை அதற்காகவே காத்திருப்பார். இடையில் அந்தத் தாய் சமைப்பதும், தொலைபேசியில் மகளோடு பேசுவதும், அறை வாடகைக்குக் கணக்குப் பார்ப்பதும் அவர் கண்ணில் படாமல் போய்விடும். ஊரே அறிந்த சம்பவம் ஒன்று முடிவில் வந்து உட்கார்ந்தால் தனி ஒருத்தியின் கதையை அது விழுங்கிவிடுகிறது. செய்தி அறிக்கை போல வருவதாக நீங்கள் சொல்வது இதனால்தான்.

அந்தக் காலையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் பிறகு கொழும்புக்குத் திரும்பி வந்தார்கள். உங்கள் தாயும் வரட்டும். அவளுடைய அறை அவளுக்கு இருந்ததா, வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களா? மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த சேலையை யார் எடுத்து வைத்தார்கள்? தூதரகத்துக்குப் போக வேண்டிய திகதி தப்பிவிட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, கனடாவிலிருக்கும் மகளுக்கு அவள் இதைச் சொல்வாளா, மறைப்பாளா? 2006இல் நீங்கள் தொடங்கியபோது அவளுக்கு வேண்டியிருந்தது மகளிடம் போய்ச் சேர்வது. திரும்பி வந்த பிறகும் அவளுக்கு அது வேண்டியிருக்கிறதா என்ற இடத்தில்தான் முடிவைத் தேட வேண்டும்.

திரும்பி வரும் பகுதியை முதலில் எழுதிவிட்டு, பழைய பக்கங்களை அதன் பிறகு திறந்து பாருங்கள். தட்டச்சு செய்யச் சிரமப்பட வேண்டாம். கையெழுத்துப் பிரதியாகவே அலுவலக முகவரிக்கு என் பெயருக்கு அனுப்பலாம்.