முதலாம் படிவம் படிக்கும் மகன் பொதுக் காரணியையும் பொது மடங்கையும் மாற்றி மாற்றிப் போடுகிறான். எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மகன் தமிழ்ப்பள்ளி முடித்து இந்த ஆண்டுதான் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருப்பான் என்று நினைக்கிறேன். கணக்கு இப்போது மலாயில் நடக்கும். வீட்டில் நீங்களும் “இதுகூடவா தெரியல?” என்று ஒரு சத்தம் போட்டிருப்பீர்கள். வேண்டாம். இரண்டு பாடமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன, போடும் கணக்கும் முக்கால்வாசி ஒன்றுதான். குழம்பாமல் இருந்தால்தான் அதிசயம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று சொல்கிறேன். 84, 60 இரண்டையும் பக்கத்தில் எழுதி 2ஆல் வகுத்தால் 42, 30. மறுபடி 2ஆல் வகுத்தால் 21, 15. அப்புறம் 3ஆல் வகுத்தால் 7, 5. இதற்கு மேல் இரண்டையும் சேர்த்து வகுக்க எண் இல்லை. இங்கேயே நின்று, இடப்பக்கம் எழுதிய 2, 2, 3ஐப் பெருக்கினால் 12, அது மீப்பெரு பொதுக் காரணி, இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். மிஞ்சிய 7, 5ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 420, அது மீச்சிறு பொது மடங்கு, இரண்டாலும் மிச்சமில்லாமல் வகுபடும் மிகச் சின்ன எண். எங்கே நிற்பது, எங்கே தொடர்வது என்பதுதான் வித்தியாசம். போதாததற்கு, ‘மீப்பெரு’ என்று கேட்டால் சின்ன எண் வருகிறது, ‘மீச்சிறு’ என்று கேட்டால் பெரிய எண் வருகிறது. பதின்மூன்று வயசுப் பிள்ளை என்ன செய்யும்?

அதனால் நான் முதலில் வகுக்கவே விடுவதில்லை. கேள்வியைப் படித்துவிட்டு, ‘இது பங்கு போடுகிற கணக்கா, மறுபடி எப்போது சேரும் என்கிற கணக்கா?’ என்று மட்டும் சொல்லச் சொல்வேன். பங்கு என்றால் காரணி, விடை கொடுத்த எண்களைவிடப் பெரிதாகாது. சேருவது என்றால் மடங்கு, விடை கொடுத்த எண்களைவிடச் சிறிதாகாது.

பங்குக்கு எங்கள் கோயில் கதையையே சொல்வேன். திருவிழாவில் 84 லட்டு, 60 ஆரஞ்சு இருந்தன. உபயகாரர்களுக்கு மிச்சமில்லாமல் ஒரே மாதிரிப் பை போட வேண்டும். 1, 2, 3, 4, 6, 12 பைகள்தான் போட முடியும். உபயகாரர்களும் சரியாகப் பன்னிரண்டு பேர். பைக்கு 7 லட்டு, 5 ஆரஞ்சு. நான் சொன்னதைக் கமிட்டி கேட்கவில்லை. தலைவர் வீட்டுக்கு இரண்டு பை கூட வேண்டுமாம், பதினான்கு போட்டார்கள். லட்டு ஆறாறாகப் போனது. ஆரஞ்சு நான்கு நான்காகப் போட்டு நான்கு மிஞ்சியது. அந்த நான்கும் யார் காரில் ஏறின என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். விடியுமுன் வந்து காய் நறுக்கிய பெண்களின் பெயர் ஒன்றுகூட நோட்டீஸில் இல்லை. பந்தல்காரர் பெயர் இருந்தது. சரி, விடுங்கள்.

சேரும் கணக்குக்கு நான் சொல்வது பால்மரம், அதாவது ரப்பர் மரம். எங்கள் தோட்டத்தில் ஒரு காட்டில், அதாவது ஒரு பகுதி மரங்களில், ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டு, இன்னொரு காட்டில் இரண்டு நாள் விட்டு வெட்டு. அதாவது 2, 3. இன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் மறுபடி சேர்வது ஆறு நாள் கழித்து. அன்றைக்கு ஆள் பற்றாது. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் சொல்வதற்கு முன்பே என் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், முதல்நாள் இரவே உளியைத் தீட்டி வைத்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாதவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, கணக்கு தள்ளிப்போகும், தெரியும். யாரும் கீழே வந்து திருத்த வேண்டாம்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம். ஒரு பையன் இந்தப் பால்மரக் கணக்கில்தான் முதல்முறை தெளிந்தான். மறுவாரம் அவன் அப்பா வந்தார். “டீச்சர், நாங்க தோட்டத்த விட்டு எப்பவோ வந்துட்டோம். பிள்ளைக்கு எதுக்கு இன்னும் பால்மரக் கதை? புக்குல உள்ளத மட்டும் சொல்லிக் குடுங்க,” என்றார். மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த மாதம் பையனை டவுனில் ஏசி போட்ட சென்டருக்கு மாற்றிவிட்டார். காசு போனதற்காகச் சொல்லவில்லை. புத்தகத்தில் இரண்டு பேருந்து ஒன்றாகப் புறப்படும் கணக்கு இருக்கிறது. பேருந்து வந்தால் கணக்கு, பால்மரம் வந்தால் கேவலமா? அவரும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர்தான்.

தோட்டம் பிடிக்காதென்றால் இன்னொன்று இருக்கிறது. சீனர் நாள்காட்டியில் 10 தண்டு, 12 கிளை என்று இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாக நகரும். கிளைதான் நாம் சொல்லும் எலி, குதிரை எல்லாம்; நெருப்பு, நீர் என்பதெல்லாம் தண்டிலிருந்து வரும். 10க்கும் 12க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. அதனால்தான் 1966இல் வந்த அதே நெருப்புக் குதிரை 2026இல் வருகிறது. ‘ஏன் டீச்சர் 120 இல்லை?’ என்று கேட்கும் பிள்ளையை விடாதீர்கள், அது நல்ல கேள்வி. இரண்டு எண்ணுக்கும் 2 பொதுக் காரணி, அதனால் ஒற்றைத் தண்டு ஒற்றைக் கிளையோடு மட்டுமே சேரும், பாதிச் சேர்க்கை வராமலே போய்விடும். நம் அறுபது வருட வட்டத்திலும் 1966இல் வந்த பராபவ 2026இல் திரும்ப வருகிறது.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி. 84ஐ 60ஆல் வகுத்தால் மீதி 24. 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி 12. 24ஐ 12ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆக, 12. யூக்ளிட் எழுதி வைத்த முறை, 2,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. தேர்வுத்தாளில் ஆசிரியர் சொன்ன முறையிலேயே எழுதட்டும், இது ஓரத்தில் போட்டுப் பார்க்க.

இரண்டு எண்களைப் பெருக்கி மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு வரும்: 84 × 60 = 5,040, அதை 12ஆல் வகுத்தால் 420. மூன்று எண்ணுக்கு இதைச் செய்ய விடாதீர்கள். 4, 6, 10ஐப் பெருக்கி 2ஆல் வகுத்தால் 120 வரும், சரியான விடை 60.