சார்ட் ஒட்டினால் போதுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சுற்றுச்சூழல் என்றாலே மரம் வரைந்து சார்ட் ஒட்டுகிறாள். இதோடு சட்டமும் சொல்லித்தர வேண்டும் என்கிறார்களே, பிள்ளைகளுக்குச் சுமையில்லையா? – ஒரு வாசகி, மேல்விஷாரம்

பதில்: சார்ட்தாம்மா சுமை! பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. பாடம் வந்தது, சட்டம்தான் வரவில்லை.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதென்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். கேடு வருமென்று தெரிந்தால், முழு அறிவியல் நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும். இவ்விரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது நீதிமன்றம். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் (என்னைக் கேட்டால், அவர்களுக்கு அது கொசுக்கடிதான்). நாடெங்கும் சட்ட மாணவர்கள் 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள். வேலூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. முப்பது வருஷமாக வக்கீல் கோட்டு போட்டவன், எனக்கு எரிகிறது.

கிணறு கெட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், இழப்பீடு கேட்க ஐந்து வருஷம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான். காலையில் ரயிலேறினால் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.