படிகம் போடற கட்டுப்பாடு

கேள்வி: மின்சாரம் தடையே இல்லாம ஓடற சூப்பர்கண்டக்டர்ல எலக்ட்ரான்லாம் ஜோடி சேர்ந்து ஓடுதுங்கறது புரியுது. ஆனா சிலதுல படிகத்தோட சமச்சீர், அதாவது திருப்பினாலும் அதே மாதிரி இருக்கற தன்மைதான் அந்த ஜோடியோட வடிவத்தை முடிவு பண்ணுதாமே, எப்படி சார்?

பதில்: ஜோடி சேர்க்கறது சமச்சீர் இல்லீங்க, அதுக்குக் காரணம் வேற. சேர்ந்தா எந்தெந்த வடிவத்துல சேரலாம், எது கூடாதுன்னு வரம்பு போடறதுதான் அதோட வேலை. ஈயம், பாதரசம் மாதிரி உலோகங்கள்ல ஜோடி எந்தத் திசையில பாத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், 1957ல பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூணு பேரும் ஜோடி சேர்றதை விளக்கிச் சொன்ன பிசிஎஸ் கொள்கையே அதுக்குப் போதும்.

1986ல பெட்னார்ஸும் முல்லரும் கண்டுபிடிச்ச செம்பு ஆக்சைடு சூப்பர்கண்டக்டர் அப்படி இல்ல. அதுல செம்பு அணுக்கள் சதுரக் கட்டமா அடுக்கடுக்கா இருக்கு, சதுரத்தை 90 டிகிரி திருப்பினா அதே சதுரம்தான், ஆனா ஜோடியோட அலை (அதோட வடிவத்தைச் சொல்ற கணக்கு) மட்டும் அப்படித் திருப்பினா பிளஸ் மைனஸா மாறிடுது, நாலு இதழ் பூ மாதிரி, அடுத்தடுத்த இதழுக்கு எதிர்க்குறி, அப்ப மூலைவிட்டத் திசையில அது பூஜ்யமாகியே தீரணும். இதுதான் டி-வேவ். ஒண்ணையொண்ணு விரட்டற எலக்ட்ரான்கள் ஒரே அணுவுல சேந்து உக்காராம ஜோடியா இருக்க இந்த வடிவம் தோதா இருக்கு.

இதை நிரூபிச்ச விதம் இருக்கே, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது! 1994ல ஐபிஎம்ல ட்சுவே, கர்ட்லி குழு என்ன பண்ணாங்கன்னா, வேற வேற கோணத்துல திருப்பின மூணு படிகம் ஒரே புள்ளியில சந்திக்கிற தளத்து மேல இந்த வகை ஆக்சைடை மெல்லிசா படிய வச்சு, அந்தப் புள்ளியைச் சுத்தி ஒரு குட்டி வளையம் செதுக்கினாங்க, தள்ளி வேற சில வளையமும் போட்டாங்க. நடு வளையத்தை ஒரு சுத்து வந்தா குறி ஒத்தைப்படை தடவை மாறும், அதைச் சரிக்கட்ட வளையம் தானாவே மின்னோட்டம் ஓட விட்டு பாதி காந்தப்பாய குவாண்டத்தை (சூப்பர்கண்டக்டர் வளையத்துக்குள்ள காந்தப்பாயம் வழக்கமா இந்த அளவோட முழு மடங்காத்தான் இருக்கும்) உண்டாக்கிக்கும். அளந்து பாத்தா நடு வளையத்துல மட்டும் அந்தப் பாதி, மத்ததுல ஒண்ணுமே இல்ல!

சில படிகத்துல மையச் சமச்சீரே கிடையாது, அதாவது ஒரு மையப் புள்ளி வழியா எல்லா அணுவையும் எதிர்ப்பக்கம் மாத்தினா அதே படிகம் வராது, 2004ல வந்த சீரியம் பிளாட்டினம் சிலிக்கான் சேர்மம் அப்படித்தான். அதுல ஸ்பின் (எலக்ட்ரான் ஒரு குட்டி காந்தம் மாதிரி நடந்துக்கற குணம்) எதிரெதிரா இருக்கற ஜோடியும் ஒரே பக்கமா இருக்கற ஜோடியும் கலந்துக்கலாம், மையம் இருக்கற படிகத்துல அப்படிக் கலக்க முடியாது.

ஆனா அனுமதி இருக்கறதாலயே அது நடக்குதுன்னு நம்பிடக் கூடாது. ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட்ங்கற இன்னொரு சூப்பர்கண்டக்டர்ல ஜோடியோட ஸ்பின் ஒரே பக்கமா இருக்குன்னு ரொம்ப வருஷமா நினைச்சாங்க, 2019ல பாத்தா, அதை அளக்கற என்எம்ஆர்ல (காந்தப்புலத்துல ரேடியோ அலை அனுப்பி அணுக்கருவைச் சோதிக்கற முறை) அனுப்பற துடிப்பே சாம்பிளை சூடாக்கி அளவீட்டைக் கெடுத்திருக்குன்னு தெரிஞ்சுது, கவனமா திரும்ப அளந்ததும் அந்த முடிவு விழுந்துடுச்சு.