கேள்வி – பதில்: முப்பது விநாடிப் பாட்டு

பேண்டில் எட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். அந்தேரியில் ஒரு விளம்பர நிறுவனம் 30 விநாடி ஜிங்கிள் கேட்டிருக்கிறது. அதையே 20, 10 விநாடிக்கும் தர வேண்டுமாம். நாலு நிமிஷப் பாட்டு போட்டே பழக்கம். எங்கே வெட்டுவது?
– வாசகர், மாட்டுங்கா

டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தைச் சரியாக வைத்துவிட்டால் கத்தரிக்கு வேலையே இல்லை. நிமிஷத்துக்கு 96 பீட் (தாளத் தட்டு). நாலு பீட் ஒரு பார் என்றால் 30 விநாடிக்கு 12 பார், 20-க்கு 8, 10-க்கு 4. மிச்சம் மீதி கிடையாது. பலரும் கை போன போக்கில் 120 வைப்பார்கள். 30 விநாடிக்கு 15 பார் வரும். நாலு நாலாக நடக்கிற மெட்டு கடைசியில் நொண்டும்.

10 விநாடியை முதலில் போடுங்கள். பொருளின் பெயர் வரும் நாலு பார்தான் அது. அதற்கு முன்னால் எட்டு பார் சேர்த்தால் 30 ஆகிவிடும். நீளமானதைப் போட்டுவிட்டுச் சுருக்கினால் பெயர் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

கடைசி கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கடைசி பாரின் முதல் பீட்டிலேயே வையுங்கள். 12-ஆம் பாரில் அது 27.5-ஆவது விநாடி, ரிவெர்ப் (ஒலியின் எதிரொலி வால்) அடங்க இரண்டரை விநாடி கிடைக்கும். மேடை ஞாபகத்தில் 29.5-இல் ஓங்கி அடித்தால் வால் தட்டென்று அறுந்து, அதன்மேல் அடுத்த விளம்பரம் வந்து உட்காரும்.

இந்தி ஜிங்கிள்களுக்குத் தமிழ் வரி எழுதுகிறேன். எழுத்தை எண்ணித்தான் எழுதுகிறேன், பாடினால் சிரிக்கிறார்கள்.
– வாசகி, செம்பூர்

எழுத்தை எண்ணினால் போதாது, மாத்திரையை, அதாவது எழுத்து ஒலிக்கும் நேரத்தைப் பாருங்கள். பற்பசை விளம்பரத்தில் 'பல்' ஒன்றரை பீட் நீளும் சுரத்தில் விழுந்தால், கேட்பவர் காதில் 'பால்' என்றே விழும். 'விடு' வீடாவதும் இப்படித்தான். நீளும் சுரத்துக்கு நெடில் கொடுங்கள். குறிலை விட முடியாவிட்டால் சுரத்தை இரண்டாக உடைத்து, 'பல்லு' என்று பேச்சு வழக்கில் பாடச் சொல்லுங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபு. இந்தியில் 'கோ', 'ஸே' தனியே நிற்கும். பொருளின் பெயர் அப்படியே இருக்கும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் கிளையண்ட் ஒப்ப மாட்டார். அதனால் பெயர் வரும் இடத்தை எழுவாயாகவோ விளியாகவோ அமைத்துவிடுங்கள்.

மும்பையில் பாட வருகிறவர் வரிகளை தேவநாகரியில் (இந்தி எழுத்தில்) எழுதிக்கொண்டால் எ–ஏ, ஒ–ஓ வித்தியாசம் தாளிலேயே தொலையும். 'கொடு', 'கோடு' ஆகும். ரெக்கார்டிங் அன்று கூடவே இருங்கள். 'ழ' அவர் நாக்கில் சிக்கும், அதைப் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அறிவிப்புக் குரல் வந்ததும் என் இசையை அமுக்கிவிடுகிறார்களே?
– வாசகர், சயான்

நீங்கள் இடம் விடவில்லை. பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. லீட் கிடாரும் அதே இடத்தில்தான் கத்துகிறது. குரல் பேசும் பார்களில் லீடை எடுத்துவிட்டு பேஸ், தாளம், மெல்லிய பேட் (பின்னணியில் நீளும் ஒலி) மட்டும் ஓட விடுங்கள். பாடல், தாளம், மற்ற வாத்தியங்கள் எல்லாவற்றையும் தனித்தனி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுத்தால் மிக்ஸ் செய்பவர் மொத்தத்தையும் குறைக்க மாட்டார்.

ஜிங்கிள் போட்டால் மேடைக் கலைஞன் என்ற பெயர் போய்விடுமா?
– வாசகர், ஐரோலி

ஜாஸ் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸுக்குப் போகவில்லை. மும்பையில் ஜாஸும் ஜிங்கிளும் சேர்த்தே செய்தவர். ரஹ்மானும் 1992-இல் சினிமாவுக்கு வருமுன் ஜிங்கிள் போட்டவர்தான்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், முலுண்ட்

காலமும் எல்லையும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்; எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று அச்சடித்து நீட்டுவது இதற்காகத்தான். அதற்குத் தனி விலை சொல்லுங்கள். டிவி, ரேடியோ, இணையம், மொழிமாற்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். மெட்டில் திருத்தம் இரண்டு முறைதான், மூன்றாவதுக்குக் காசு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்டால் ஏழாவது திருத்தமும் 'சின்ன மாற்றம்தான் சார்' என்றே வரும்.